பாடியும் லென்ஸும்: முதல் டிஎஸ்எல்ஆர் கேமராவைத் தேர்ந்து பழகுதல்

டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்க விரும்புபவர் இன்று எதிர்கொள்ளும் கேள்வி, பத்தாண்டுகளுக்கு முன்பு வாங்கியவர்கள் எதிர்கொண்ட கேள்வியன்று. அன்று எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்பதே பேச்சாக இருந்தது. இன்றோ பெரிய நிறுவனங்கள் புதிய மாடல்களை வடிவமைப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்ட நிலையில், இவ்வகைக் கேமராவை வாங்குவதே தகுமா, தகுமெனில் புதிதா பழையதா, பணத்தின் பெரும்பகுதியைக் கேமராவில் போடுவதா லென்ஸில் போடுவதா, வாங்கிய பின் எதை முதலில் பழகுவது என்று கேள்வி பலவாகக் கிளைத்துவிட்டது. இவற்றுக்கு விடை காண, கருவி இயங்கும் விதத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. விளம்பரம் முன்னிறுத்தும் எண்கள் எவை, படத்தின் தரத்தை உண்மையில் தீர்மானிக்கும் காரணங்கள் எவை என்பது இயக்கத்தை அறிந்தவர்க்கே பிரித்துத் தெரியும்.

லென்ஸ் வழியே வரும் ஒளி, கேமராவுக்குள் 45 பாகைச் சாய்வில் நிற்கும் கண்ணாடியில் பட்டு மேல்நோக்கித் திரும்பி ஒரு திரையில் பிம்பமாக விழுகிறது; இடவலம் மாறிய அப்பிம்பத்தை ஐம்முகப் பட்டகம் எனப்படும் கண்ணாடிக் கட்டி நேராக்கி, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்கு அனுப்புகிறது. விலை குறைந்த மாடல்களில் பட்டகத்துக்குப் பதிலாகச் சிறு கண்ணாடிகளைப் பொருத்தியிருப்பதால் காட்சி சற்றுச் சிறிதாகவும் மங்கலாகவும் தெரியும். பொத்தானை முழுதும் அழுத்தியதும் கண்ணாடி மேலே மடங்குகிறது. லென்ஸுக்குள் இருக்கும் மெல்லிய தகடுகள் குறித்த அளவுக்குச் சுருங்கி ஒளித்துளையை அமைக்கின்றன. ஒளியைப் பதிவு செய்யும் சில்லான சென்சாருக்கு முன்னுள்ள, ஷட்டர் எனப்படும் இரு திரைகளில் முதலாவது விலகி ஒளியை உள்ளே விட, குறித்த நேரம் கழிந்ததும் இரண்டாவது தொடர்ந்து வந்து மூடுகிறது. பிறகு கண்ணாடி கீழிறங்க, துளை மீண்டும் அகல விரிகிறது. கண்ணாடி மேலே இருக்கும் அச்சிறு பொழுதில் வியூஃபைண்டர் இருண்டுவிடுவதால், பதிவாகும் அந்தக் கணத்தை மட்டும் படமெடுப்பவர் பார்ப்பதில்லை. வரப்போகும் கணத்தை முன்னுணர்ந்து அழுத்தும் பழக்கம் இக்கருவியில் பயின்றவர்களிடம் வேரூன்றியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இந்தக் கண்ணாடி அமைப்பு எண்ணிமத் தொழில்நுட்பத்தைவிடப் பல பத்தாண்டுகள் பழையது. 35 மி.மீ. பிலிமுக்கான கினே எக்ஸாக்டா ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1936-இல் வெளிவந்தது. பட்டகம் பொருத்திய கான்டாக்ஸ் எஸ் 1949-இலும், தொழில்முறைப் படமெடுப்போரைப் பெருமளவில் ஈர்த்த நிக்கான் எஃப் 1959-இலும் வந்தன. எண்ணிமப் பதிவு இதனோடு சேர்ந்தது 1991-இல், நிக்கான் எஃப்3 பிலிம் கேமராவை அடிப்படையாகக் கொண்டு கோடாக் நிறுவனம் 1.3 மெகாபிக்சல் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதுதான். 1999-இன் நிக்கான் டி1 செய்தியாளர்களிடம் இதைப் பரப்பியது என்றால், 2003-இல் ஆயிரம் டாலருக்குள் வந்த கேனான் 300டி சாதாரண வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது. 2008-இல் வந்த கேனான் 5டி மார்க் 2 முழு எச்டி வீடியோவையும் பதிவு செய்ததால் குறும்பட இயக்குநர்கள் கைக்கும் இக்கருவி போய்ச் சேர்ந்தது.

அதே 2008-இல் பானசோனிக் ஜி1 என்னும் கேமரா கண்ணாடியே இல்லாமல், சென்சார் பார்ப்பதை மின்திரையில் நேரடியாகக் காட்டும் முறையோடு வந்தது. மிரர்லெஸ் எனப்படும் இவ்வகை மெல்ல வளர்ந்து, 2018-இல் நிக்கானும் கேனானும் 35 மி.மீ. பிலிம் அளவுச் சென்சார் கொண்ட தத்தம் முழுச்சட்ட மிரர்லெஸ் கேமராக்களை வெளியிட்ட பிறகு நிலைமை விரைந்து மாறியது. உலகச் சந்தைக்கு 2012-இல் 1.6 கோடிக்கும் மேற்பட்ட டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2023-இல் அது ஏறத்தாழ 12 லட்சம். கேனான் 1டி எக்ஸ் மார்க் 3, நிக்கான் டி6 ஆகிய இரண்டும் 2020-இல் வந்தன; அவற்றுக்குப் பின் அவ்விரு வரிசைகளிலும் புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் வரவில்லை. பென்டாக்ஸ் மட்டுமே இன்றும் இவ்வகையை விடாமல் பற்றியிருக்கிறது.

வளர்ச்சி நின்றுபோன ஒரு கருவியை வாங்கலாமா என்ற ஐயம் இயல்பானது. வீடியோவே முதன்மை நோக்கம் என்றால் வேண்டாம் என்பதே நேர்மையான விடை. கண்ணைத் தானே கண்டு துரத்தும் குவியமைப்பிலும் வீடியோ வசதிகளிலும் மிரர்லெஸ் வெகுதூரம் முன்னேறிவிட்டது. அன்றாட நினைவுப் படங்கள் மட்டும் போதுமென்றால் கையிலுள்ள செல்போனே போதும். பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகக் கோக்கும் கணக்கீட்டு முறையால் அது இருட்டிலும் வியக்கத்தக்க படங்களைத் தருகிறது. ஆனால் தொலைவிலுள்ள பறவை, ஓடும் காளை, தனி ஃபிளாஷைக் கொண்டு ஒளியமைத்த முகம் போன்றவற்றை எடுக்க விரும்புவோர்க்கும், ஒளியைக் கற்க விரும்பும் மாணவர்க்கும் டிஎஸ்எல்ஆர் இன்னும் மதிப்பு குன்றாத கருவி. சந்தை விலகிச் செல்வதால் பயன்படுத்திய கேமராக்களின் விலை இறங்கியிருக்கிறது. படத்தின் தரம் இறங்கவில்லை. கண்ணாடி வழியே காட்சியை நேரே பார்ப்பதால் மின்திரை மின்சாரத்தைத் தின்பதும் இல்லை: நிக்கான் டி3500 ஒருமுறை சார்ஜ் செய்தால் 1,550 படங்கள் எடுக்கும் என்பது தர அளவீடு, அதே நிறுவனத்தின் இசட்50 மிரர்லெஸ் கேமராவுக்கு அது ஏறத்தாழ 300.

கடைக்குள் நுழைந்தவுடன் காதில் விழும் முதல் எண் மெகாபிக்சல். இந்த எண்ணுக்குக் கொடுக்கப்படும் மதிப்பு அளவுக்கு மீறியது. 24 மெகாபிக்சல் என்பது அகலத்தில் 6,000, உயரத்தில் 4,000 புள்ளிகள். அச்சுக்கு உகந்ததாகக் கொள்ளப்படும் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அது 20 அங்குலத்துக்கு 13 அங்குலம் வரும். ஸ்டுடியோக்களில் பெரிய அளவாகக் கேட்கப்படும் 12-க்கு 18 அச்சுக்கு இது தாராளமாகப் போதும். புள்ளிகளின் எண்ணிக்கை இரட்டித்தாலும் அச்சின் பக்க அளவு 1.4 மடங்குதான் கூடும் என்பதையும், செல்போன் திரையிலும் தொலைக்காட்சியிலும் பார்க்கும் படங்களுக்கு 8 மெகாபிக்சலே மிச்சம் என்பதையும் நினைத்தால், 18-க்கும் 24-க்கும் 32-க்கும் இடையிலான வேறுபாட்டுக்காகச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது வீண்.

அந்தப் பணத்துக்கு ஈடாகப் பார்க்க வேண்டியது சென்சாரின் பரப்பு. பழைய 35 மி.மீ. பிலிமின் சட்டத்தை ஒத்த 36-க்கு 24 மி.மீ. சென்சாரை முழுச்சட்டம் என்பர். தொடக்கநிலை, இடைநிலைக் கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி வகை நிக்கானில் ஏறத்தாழ 23.5-க்கு 15.6 மி.மீ., கேனானில் 22.3-க்கு 14.9 மி.மீ. பரப்பு கூடக்கூட ஒரே நேரத்தில் சேரும் ஒளி கூடுவதால், மங்கிய வெளிச்சத்தில் படத்தில் தூவினாற்போல் தெரியும் இரைச்சல் குறைகிறது. சிறிய சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டுமே பதிவு செய்வதால், ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டத்தில் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குக் காட்சியை நெருக்கிக் காட்டும். பறவைகளை எடுப்போர்க்கு இது ஆதாயம். குறுகிய கோயில் பிராகாரத்தில் அகன்ற காட்சி வேண்டுவோர்க்கு இழப்பு. முதல் கேமராவுக்கு ஏபிஎஸ்-சியே தகுந்தது. முழுச்சட்டத்தின் உண்மையான செலவு கேமராவில் இல்லை, அதற்குரிய லென்ஸுகளில் இருக்கிறது.

லென்ஸ் நீங்கலான கேமராவைத் தொழிலில் பாடி என்பார்கள். பாடியை நான்கைந்து ஆண்டுகளில் மாற்றுபவர்களும் நல்ல லென்ஸைப் பல்லாண்டுகள் வைத்திருப்பார்கள். ஆகவே கேமரா வாங்குவதென்பது உண்மையில் ஒரு லென்ஸ் குடும்பத்தில் நுழைவது. லென்ஸைப் பாடியில் பொருத்தும் வளையத்துக்கு மவுண்ட் என்று பெயர். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959 முதலும், கேனானின் இஎஃப் மவுண்ட் 1987 முதலும் உள்ளன. ஆனால் ஒரே மவுண்ட் என்பதால் எல்லா லென்ஸும் எல்லாப் பாடியிலும் முழுமையாக வேலை செய்யும் என்று கொள்வது பிழை, புதியவர்கள் பணத்தை இழக்கும் இடமும் பெரும்பாலும் இதுவே. கேனானின் இஎஃப் லென்ஸ் ஒவ்வொன்றிலும் குவியத்தை நகர்த்தும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. நிக்கானின் பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி வகை லென்ஸுகளில் அது இல்லை, பாடியிலுள்ள மோட்டாரே அவற்றை இயக்க வேண்டும். டி3500, டி5600 போன்ற பாடிகளில் அந்த மோட்டார் கிடையாது, டி7500-இல் உண்டு. விலை குறைவென்று 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸை வாங்கி டி3500-இல் பொருத்தினால் படம் எடுக்கலாம், குவியத்தை மட்டும் கையால் திருப்பியே அமைக்க வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று தொடங்கும் எஃப் 1.8ஜி லென்ஸ் அங்கே தானாகக் குவியும். கேனான் பக்கத்தில் இஎஃப்-எஸ் என்னும் லென்ஸுகள் ஏபிஎஸ்-சி பாடிகளுக்கு மட்டுமே உரியவை, முழுச்சட்டப் பாடியில் பொருந்தா.

பெரும்பாலான தொடக்கநிலைக் கேமராக்களோடு 18-55 மி.மீ. கிட் லென்ஸ் ஒன்று சேர்ந்தே வருகிறது. இதை இகழ்ந்து பேசும் வழக்கம் ஒன்று உண்டு. பகல் வெளிச்சத்தில் ஒளித்துளையை எஃப் 8 அளவில் வைத்து எடுத்தால் அது தரும் படத்தில் குறை காண்பது கடினம். கேனானில் ஐஎஸ், நிக்கானில் விஆர் என்னும் எழுத்துகள் லென்ஸின் மேல் உள்ளனவா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். அவை கைநடுக்கத்தை ஈடுசெய்யும் வசதியைக் குறிப்பன, அவ்வசதி இல்லாத 18-55 லென்ஸுகளும் விற்பனையில் இருந்திருக்கின்றன. கிட் லென்ஸின் உண்மையான குறை வேறு, அதை உணர எஃப் எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும்.

லென்ஸின் குவியத் தூரத்தை ஒளித்துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் துளை 25 மி.மீ. அகலம், எஃப் 4 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காவதால், எஃப் 4 விடும் ஒளி எஃப் 2 விடுவதில் கால் பங்கே. எண் சிறிதாகத் துளை பெரிதாகும் இந்தத் தலைகீழ் முறை தொடக்கத்தில் குழப்பினாலும், 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் வரிசையில் ஒவ்வொரு படியும் ஒளியைப் பாதியாக்குகிறது என்பதை மனத்தில் இருத்திவிட்டால் பிறகு எல்லாம் எளிது. கிட் லென்ஸை 55 மி.மீ. அளவுக்கு நீட்டும்போது அதன் மிகப் பெரிய துளையே எஃப் 5.6 தான். மாலை மயங்கிய நேரத்தில் ஆயிரங்கால் மண்டபம் ஒன்றின் உட்பகுதியில் நிற்கும் மனிதரை 1/60 நொடியில் எடுக்க, இந்த லென்ஸில் சென்சாரின் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 6400 வரை ஏற்ற வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். அதே இடத்தில், அதே நொடியளவில், எஃப் 1.8 துளையுள்ள 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுவதால் ஐஎஸ்ஓ 640 போதும். முன்னதில் முகத்தின் நுண்மைகள் இரைச்சலில் மூழ்கும். பின்னதில் தோலின் நயமும் பின்னுள்ள தூணின் உளிவேலையும் நிறம் மாறாமல் நிற்கும். எந்தப் பாடியை மாற்றியும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை இவ்வளவு குறைந்த செலவில் பெற முடியாது. கிட் லென்ஸோடு கூடிய எளிய பாடி ஒன்றும் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் வாங்குபவர், அதே பணத்துக்குக் கிட் லென்ஸோடு உயர்ந்த பாடி வாங்குபவரைவிடச் சரியாகச் செலவிட்டவர். ஏபிஎஸ்-சி பாடியில் வீட்டுக்குள் எடுப்பதற்கு 50-ஐவிட 35 மி.மீ. இன்னும் வசதி; ஒன்றிரண்டு அடி பின்வாங்கச் சுவர் இடம் தராத அறைகளில் இந்த வேறுபாடு பெரிது.

கலைந்த அறையையும் நெரிசலான தெருவையும் பின்புலத்தில் கரைத்துவிடும் அழகுக்காகவும் பெரிய துளையை விரும்புவார்கள். அங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு மீட்டர் தொலைவிலுள்ள முகத்தை 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்து எடுத்தால், ஏபிஎஸ்-சி கேமராவில் தெளிவாகத் தெரியும் ஆழம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. கண் தெளிந்து காது மங்குவதும், மூச்சுவிடும் அசைவிலேயே கண்ணும் மங்கிப்போவதும் அதனால்தான். இருவரை ஒன்றாக எடுக்கையில் எஃப் 4 அல்லது 5.6-க்குச் செல்வதே முறை.

பழைய கேமராக்களின் சந்தை இன்று வளமானது. திருமணப் படமெடுப்போர் பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறியதால், 2012-இன் கேனான் 5டி மார்க் 3, 2014-இன் நிக்கான் டி750 போன்ற முழுச்சட்டப் பாடிகள்கூட முன்பு எண்ணிப் பார்க்க முடியாத விலைக்குக் கைமாறுகின்றன. ஆனால் திருமணங்களில் உழைத்த கேமரா கடுமையாக உழைத்தது. தொடக்கநிலைப் பாடிகளின் ஷட்டர் 1,00,000 முறை இயங்கும்படி வடிவமைக்கப்படுவது வழக்கம். நிக்கானில் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற எண் ஒவ்வொரு படக் கோப்பிலும் பொதிந்திருப்பதால், அப்போது எடுத்த படம் ஒன்றைக் கேட்டுப் பெற்றால் அறிந்துவிடலாம். ஒளித்துளையை எஃப் 16-க்குச் சுருக்கி, குவியத்தைக் கலைத்து, வெளிறிய வானத்தையோ சுவரையோ எடுத்துப் பார்த்தால் சென்சாரில் உள்ள தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். தூசியை நீக்கலாம், கீறலை நீக்க முடியாது. லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் வெளிச்சத்தைச் செலுத்தி மறுபக்கம் சாய்வாகப் பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி நூல்போல் கிளைவிட்டுப் படர்ந்த வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவானாலும் அந்த லென்ஸை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. புதியதை வாங்குவோரும், அதிகாரபூர்வ வழியில் அல்லாமல் இறக்குமதியான பெட்டிகள் சற்று மலிவாகக் கிடைக்கும் என்பதையும், அவற்றுக்கு இந்திய வாரன்டி செல்லாது என்பதையும் அறிந்து, பில்லிலும் பெட்டியிலும் பாடியிலும் உள்ள வரிசை எண் ஒன்றேதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பெட்டியைப் பிரித்ததும் பெரும்பாலோர் செய்யத் தவறும் வேலை ஒன்றுண்டு. வியூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். பார்வைக் குறைபாட்டுக்கு ஏற்ப அதைத் திருப்பி, காட்சியைப் பார்க்காமல் வியூஃபைண்டருக்குள் தெரியும் எண்களையும் கட்டங்களையும் பார்த்து, அவை கூர்மையாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். இதைச் செய்யாதவர்கள், கேமரா சரியாகக் குவித்த காட்சியும் மங்கலாகத் தெரிவதாகக் குறைப்பட்டுக்கொண்டே மாதக்கணக்கில் படமெடுப்பார்கள். மெமரி கார்டைக் கணினியில் அல்லாமல் கேமராவிலேயே ஃபார்மேட் செய்வது, தேதி நேரத்தைச் சரிசெய்வது ஆகியவை சிறு வேலைகள்.

பச்சை நிறத்தில் குறிக்கப்பட்ட முழுத் தானியங்கி முறையில் வைத்தே காலம் தள்ளினால் கேமராவை வாங்கியதன் பயன் பாதியாகிவிடும். அதற்காக எல்லாவற்றையும் கையால் அமைக்கும் எம் முறைக்கு முதல் நாளே தாவ வேண்டும் என்று சொல்லும் ஆசிரியர்களின் கருத்தும் ஏற்கத்தக்கதன்று; புதியவர் எண்களோடு போராடுகையில் எதிரே நிகழ்வது கடந்துபோய்விடுகிறது. ஒளித்துளையை மட்டும் படமெடுப்பவர் தேர்ந்து, ஷட்டர் வேகத்தைக் கேமராவிடம் விடும் முறையே தொடக்கத்துக்கு ஏற்றது; நிக்கானில் அது ஏ, கேனானில் ஏவி. இம்முறையில் வியூஃபைண்டரின் கீழே ஓடும் ஷட்டர் வேகத்தின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். நிற்கும் மனிதருக்கு 1/60 நொடியும், விளையாடும் குழந்தைக்கு 1/250-உம், வாடிவாசலை விட்டுப் பாயும் காளைக்கு 1/1000-உம் வேண்டும். கைநடுக்கம் தெரியாதிருக்க, குவியத் தூரத்தை ஏபிஎஸ்-சிக்கு ஒன்றரையால் பெருக்கி அந்த எண்ணின் தலைகீழுக்குக் குறையாமல், அதாவது 200 மி.மீ. லென்ஸில் 1/300 நொடிக்கு மெதுவாகாமல் பார்த்துக்கொள்வது பழைய நடைமுறை விதி. வேகம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை உயர்த்தத் தயங்கலாகாது. இரைச்சலுள்ள தெளிவான படத்தைப் பிறகு ஓரளவு சீராக்கலாம், அசைவில் கலைந்த படத்தை எதுவும் மீட்காது.

ஒளி அளவிடும் பொறி எவ்வாறு ஏமாறுகிறது என்பது, பழகுவோர் ஆழ்ந்து அறிய வேண்டிய பாடம். கேமராவுக்குள் உள்ள அளவி பொருளின் மீது விழும் ஒளியை அளப்பதில்லை, பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியையே அளக்கிறது. எதிரே உள்ள காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது அடிப்படையில் கருதிக்கொள்கிறது. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் சுண்ணாம்பு அடித்த சுவர் முன் நின்றால், இவ்வளவு வெளிச்சமா என்று எண்ணி ஒளியைக் குறைத்துவிடுவதால் வேட்டி அழுக்கேறியதுபோல் பதிவாகும், முகம் இருண்டுவிடும். கருங்கல் சிற்பம் சட்டத்தை நிறைத்து நின்றால் நேர்மாறாக ஒளியைக் கூட்டி, எண்ணெய் படிந்த கல்லின் கருமையைச் சாம்பலாக வெளுத்துவிடும். இதைத் திருத்துவதற்கென்றே கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தான் ஒன்று பெரும்பாலான டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் உண்டு. வெண்மை மிகுந்த காட்சிக்குக் கூட்டல் 1, கருமை மிகுந்த காட்சிக்குக் கழித்தல் 1 என்று தொடங்கி, எடுத்த படத்தின் ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடத்தைப் பார்த்துச் செம்மைப்படுத்தலாம். இடப்பக்கம் இருளையும் வலப்பக்கம் வெண்மையையும் காட்டும் அவ்வரைபடம் வலது ஓரத்தில் முட்டிக் குவிந்திருந்தால் வெண்பகுதியின் விவரங்கள் அழிந்துவிட்டன என்று பொருள். வெயிலில் நின்றபடி பின்திரையில் படத்தின் பொலிவைப் பார்த்து முடிவெடுப்பதைவிட இது பன்மடங்கு நம்பத்தக்கது.

குவியத்தைப் பொறுத்தவரை ஒரே ஓர் அறிவுரை பெரும்பாலான ஏமாற்றங்களைத் தவிர்க்கும். வியூஃபைண்டரில் தெரியும் குவியக் கட்டங்களைக் கேமராவே தேர்ந்துகொள்ள விட்டால் அது அருகிலுள்ள பொருளையே பெரும்பாலும் பற்றும். முகத்தை விட்டுவிட்டு முன்னே நீட்டிய கையில் குவியும். டி3500-இல் 11, கேனான் 1500டியில் 9 என உள்ள கட்டங்களில் நடுக்கட்டமே மிகத் துல்லியமானது. அதை மட்டும் தேர்ந்து, கண்ணின் மேல் வைத்து, பொத்தானைப் பாதி அழுத்திக் குவியத்தை நிலைநிறுத்திய பின் சட்டத்தை அமைத்து முழுதும் அழுத்தும் பழக்கம் சில நாள்களில் விரலுக்குப் படிந்துவிடும்.

பதிவின் வடிவம் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஜேபெக் என்பது கேமராவே நிறத்தையும் மாறுபாட்டையும் முடிவுசெய்து சுருக்கித் தரும் கோப்பு. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளே உண்டு. ரா கோப்பு சென்சார் அளந்ததை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும். 14 பிட் பதிவில் படிநிலைகள் 16,384. டியூப்லைட் பச்சையும் குண்டுபல்பு மஞ்சளும் கலந்த கல்யாண மண்டபத்தில் எடுத்த முகத்தின் நிறத்தைப் பிறகு திருத்துவதற்கு ராவில் இருக்கும் இடம் ஜேபெக்கில் இல்லை. தொடக்கத்தில் இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்வதே நல்லது; திருத்தக் கற்கும் காலம் வரும்போது பழைய ரா கோப்புகள் பயிற்சிக்குக் கைகொடுக்கும்.

தமிழ்நாட்டில் கேமராவுக்கு வெயிலைவிடக் கொடிய பகை ஈரப்பதம். கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதியும் மற்ற ஊர்களில் மழைக்காலத்திலும் காற்றின் ஈரப்பதம் பூஞ்சைக்கு உகந்த அளவில் இருக்கிறது. பஞ்சு வைத்த கேமராப் பையோ அந்த ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பயணத்துக்கு உரிய பையிலேயே மாதக்கணக்கில் பூட்டி வைக்கும் வழக்கம் லென்ஸைக் கெடுப்பதற்கு நேர்வழி. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளையும் சிறு ஈரப்பத அளவியையும் போட்டு 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருந்தாலே போதும்; நீல நிற ஜெல் மணிகள் ஈரம் ஏறி இளஞ்சிவப்பாக மாறும்போது சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். குளிரூட்டிய அறையிலிருந்தோ காரிலிருந்தோ வெக்கையான வெளிக்கு வந்ததும் கேமராவை எடுத்தால் கண்ணாடிகளில் நீர் கோத்துவிடும். சற்று நேரம் பையை மூடியே வைத்து வெளிவெப்பத்துக்குப் பழகவிட வேண்டும். லென்ஸை மாற்றும்போது பாடியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடிப்பதும், உள்ளே தெரியும் கண்ணாடியைத் துணியால் துடைக்காமல் ரப்பர் புளோயரால் மட்டும் ஊதுவதும் கட்டாயம். வாயால் ஊதினால் எச்சில் துளி படியும்.

இக்கருவியை இன்று வாங்குபவர் நாளை மிரர்லெஸ்ஸுக்கு மாற நேர்ந்தால் லென்ஸுகள் என்னவாகும் என்பதற்கு இரு குடும்பங்களும் தரும் விடை ஒன்றாக இல்லை. கேனானின் அடாப்டர் வழியே இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸுகள் ஆர் வரிசைக் கேமராக்களில் தானியங்கிக் குவியத்தோடு இயங்குகின்றன. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லாததால், உள்ளே மோட்டாருள்ள ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸுகளே இசட் வரிசையில் தானாகக் குவியும், ஏஎஃப்-டி வகை குவியாது. எனவே நிக்கான் பக்கம் செல்பவர் பழைய சந்தையில் ஏஎஃப்-டி லென்ஸுகளைத் தவிர்த்து ஏஎஃப்-எஸ் வகைகளையே சேர்ப்பதும், எந்தப் பக்கம் சென்றாலும் இரண்டாவது பாடியைப் பற்றி எண்ணுவதற்கு முன் ஒரு 70-300 அல்லது 55-250 மி.மீ. லென்ஸையும், கூரையில் ஒளியை மோதித் திருப்பத் தலை சாயும் ஃபிளாஷ் ஒன்றையும் வாங்குவதும் பணத்தை நெடுநாள் பயனுள்ள இடத்தில் இடும் வழி.